எதிர் வீட்டுக்கான மாவு

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பிஸ்கெட்டுக்கு இரண்டு மாவு பிசைவது வழக்கம். முட்டை சேர்த்த மாவு எங்களுக்கும் உறவினருக்கும் சபையாருக்கும். முட்டை சேராத மாவு எதிர் வீட்டுக்கு. திண்டிவனத்தில் நான் வீடு கட்டிக் குடிபுகுந்த ஆண்டிலிருந்தே, தீபாவளிக்கு அங்கிருந்து ஒரு தட்டு வரும். கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து ஒரு தட்டு போகும். அவர்கள் விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கத்தில் நிலபுலன் உள்ளவர்கள். அந்த வீட்டுக்குள் மாமிசமோ முட்டையோ நுழைந்ததில்லை. அதிலும் எங்கள் பண்டிகை வருவது மார்கழியில். அந்த மாதம் முழுவதும் எதிர் வீட்டுக்காரர் விடியுமுன் குளித்துத் திருநீறு பூசாமல் தண்ணீர்கூட அருந்தமாட்டார். திங்கள்தோறும் இரும்பை என்ற ஊரின் சிவன் கோயிலுக்குப் போய்வருவார். வெளியில் எங்கும் கை நனைக்கமாட்டார். அப்படிப்பட்டவர் எங்கள் வீட்டுத் தட்டை மட்டும் வாங்கி உண்பார் என்பது தெருவே அறிந்த செய்தி. அதை நான் எனக்குக் கிடைத்த மரியாதையாகவே கருதிவந்தேன். ஆனால் தனிப் பாத்திரம் வைத்தவளும், அதற்கென்று தனிக் கரண்டி ஒதுக்கியவளும், வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்பு கலக்கிறார்கள் என்று ஊரில் பேச்சுக் கிளம்பிய காலத்தில் எதிர் வீட்டு மாவுக்கு வீட்டில் உருக்கிய நெய்யை மட்டுமே ஊற்றியவளும் என் மனைவி.

எண்பதுகளின் நடுவில் ஒரு டிசம்பரில், விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த எங்கள் மகளுக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கிவிட்டது. பஸ்ஸில் அலையக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால் மகள் இங்கே வர இயலவில்லை. என் மனைவி அங்கே போகவேண்டியதாயிற்று. அரையாண்டு விடுமுறையில் இருந்த ஏழு வயதுப் பேத்தியை மருமகன் என்னிடம் கொண்டுவந்து விட்டுவிட்டு, மாமியாரைக் கையோடு அழைத்துச் சென்றார். புறப்படும்போது என் மனைவி சொன்னாள்:

“இந்த வருஷம் பிஸ்கெட்டு வேணாங்க. ஒரு சீப்பு பழம் வாங்கிக் குடுத்துடுங்க. அவங்க ஒண்ணும் நெனைச்சிக்கமாட்டாங்க.”

மறு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே நிற்கையில் யாரோ, “அம்மா ஊர்ல இல்ல, இந்த வாட்டி உங்க வீட்டு பிஸ்கெட்டு கெடையாதுன்னு சொல்லுங்க” என்று சிரித்தார்கள். “எங்கள் வீட்டில் எந்த வழக்கமும் நிற்பதில்லை” என்று நான் பதிலளித்தேன். சார்பதிவாளராக இருந்து ஓய்வுபெற்றவன். அப்போது சபைச் செயலாளர். பலர் முன்னிலையில் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறும் பழக்கம் எனக்கு இல்லை. வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான், மைதா எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது.

பிசைகின்ற நாளில் சமையலறையின் பின்கதவையும் ஜன்னலையும் சாத்தினேன். வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கை வரை மாவோடு தரையில் உட்கார்ந்திருக்கும் கோலத்தில் என்னை யாரும் காண்பதை நான் விரும்பவில்லை. கல்லூரியில் வேதியியல் படித்தவன் என்ற தைரியம் சோடா உப்பை அளக்கும் வரைதான் உதவியது. அடுப்புச் சூடும் அடைத்த காற்றும் சேர்ந்து மூச்சு முட்டியது. பேத்தி எதிரில் சம்மணமிட்டு அமர்ந்து என்னை மேற்பார்வை பார்த்தாள். பாட்டியை அவள் ஆயா என்றுதான் அழைப்பாள்.

“தாத்தா, ஆயா நெய்யும் சக்கரையும் வெள்ளையா வர்ற வரைக்கும் தேய்க்கும். நீ இன்னா, சோறு பெசையிற மாதிரி பெசையிற?”

“பெரியவங்களை ‘நீங்க’ன்னு சொல்லணும்.”

“சரி. நீங்க இன்னா, சோறு பெசையிற மாதிரி பெசையிறீங்க?”

சிறிது நேரம் கழித்து, “கதவைத் தொறங்க தாத்தா, வேர்க்குது” என்றாள்.

“தொறக்கக் கூடாது.”

“ஏன், நாம திருடிக்கினு கீறமா?”

பாத்திரத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஒன்றை மட்டும் அவளுக்கு அழுத்தமாகச் சொன்னேன்: இந்தப் பாத்திரம் எதிர் வீட்டுக்கு, இதில் முட்டை படக் கூடாது, முட்டை தொட்ட கையாலும் இதைத் தொடக் கூடாது. அவள் அப்படியே கேட்டாள். முட்டை உடைக்குமுன் எதிர் வீட்டு மாவைப் பிசைந்து முடித்து, அதை நட்சத்திர வடிவில் வெட்டி, தனித் தகரத் தட்டில் அடுக்கி, வெள்ளைத் துணி போட்டு மூடிய பிறகே மற்ற மாவைத் தொட்டோம். ஒழுங்கு என்றால் இதுவல்லவா என்று எனக்குள் ஒரு நிறைவு உண்டாயிற்று.

அந்நாளில் எங்களைப் போன்ற வீடுகளில் பிஸ்கெட் சுடும் அடுப்பு ஏது? டிசம்பர் மாதத்தில் மத்தியானம் ரொட்டி இறக்கிய பிறகு, கடைவீதியில் இருந்த பேக்கரியில் விறகு அடுப்பின் மிச்சச் சூட்டைக் கிறிஸ்தவ வீடுகளுக்கு விடுவார்கள். அவரவர் தட்டைக் கொண்டுபோய்க் காத்திருந்து சுட்டு எடுத்துவர வேண்டும். காத்திருப்பவர்கள் எல்லோரும் பெண்கள். ரிக்ஷாவில் தட்டுகளோடு போய் இறங்கிய நான் அவற்றை உள்ளே கொடுத்துவிட்டு, பேத்தியைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டு, வெளியே வந்து செய்தித்தாளை விரித்துக்கொண்டு நின்றேன்; வேறு ஏதோ அலுவலாக வந்தவனைப் போல.

“சார், உள்ள வந்து குந்துங்க. ஜல்தி ஆவாது. உங்களுக்கு முன்ன நாலு வீட்டுத் தட்டு கீது” என்று பேக்கரிக்காரர் அழைத்தார்.

“பரவாயில்லை. எதிர் வீட்டுத் தட்டைத் தனியாக வையுங்கள்.”

“அம்மா வர்ற வருஷமெல்லாம் செய்றதுதானே சார். தனியாத்தான் வெப்போம், பேஜாராவாதீங்க.”

அவர் சொன்னபடியே தனியாகத்தான் சுட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து டப்பாவில் அடுக்கும்போது, எதிர் வீட்டு நட்சத்திரங்கள் மட்டும் பொன் முலாம் பூசியவைபோல் மின்னின. எங்களுடையவை வெளிறி, விளிம்பு கருகி, ஒன்றுக்கும் உதவாத தோற்றத்தில் இருந்தன. நெய்யின் குணம் என்று நினைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் போதகர் வீட்டுக்கு வந்து முன்னறையில் அமர்ந்தார். சிறிது நேரத்தில் எதிர் வீட்டுக்காரரும் வெளுத்த வேட்டியும் நெற்றியில் திருநீறுமாக, கையில் எலுமிச்சம்பழத்தோடு வந்தார். வழக்கமாக நாங்கள்தான் தட்டை அங்கே அனுப்புவோம். அன்று அவரே வந்ததற்குக் காரணம் சொன்னார்:

“அம்மா ஊர்ல இல்லாமலே சார் செஞ்சிட்டாராம்னு தெருவெல்லாம் பேச்சு. அதான், நானே வந்து வாங்கிக்கினு போலாம்னு.” போதகரின் பக்கம் திரும்பினார். “எங்க வீட்ல மார்கழியில வெளித் தட்டு எதுவும் உள்ள வராதுங்க. சொந்தத் தம்பி வீட்டுதுகூட. இவரு தட்டு மட்டும் வரும். எங்கம்மா இருந்த வரைக்கும் சாப்ட்டாங்க.”

போதகர் மகிழ்ந்துபோனார். நானும் சும்மா இருந்திருக்கலாம். இரண்டு பாத்திரம், இரண்டு தட்டு, மூடிய துணி, உருக்கிய நெய் என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். “இதுவே ஒரு சாட்சிதான்” என்றார் போதகர். நான் எழுந்து, தட்டை எடுத்துவரச் சமையலறைக்குப் போனேன்.

பேத்தி ஏற்கெனவே பூவேலை செய்த துணியைத் தட்டில் விரித்து, நட்சத்திரங்களை வட்டமாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அழகா கீதா தாத்தா? நம்மளதுதான் அசிங்கமா கீது. இதுக்கெல்லாம் நான் மஞ்சக் கரு தடவினேன்.”

“என்ன தடவினே?”

“பேக்கரியில பன்னுக்குத் தடவ கிண்ணத்துல வெச்சிருந்தாங்க இல்ல, பிரஷ்ஷோட. அதைத் தடவினா பளபளன்னு வரும்னு அங்க தட்டோட குந்தியிருந்த ஒரு அக்கா சொல்லிச்சி. எதிர் வீட்டுதுதானே வெளிய போவும்? அதான் அதுக்கு மட்டும் தடவினேன்.”

“முட்டை படக் கூடாதுன்னு சொன்னேனே!”

“மாவுலதான் படல தாத்தா. மேலதான்.”

அவள் முகத்தில் குற்ற உணர்ச்சி சிறிதும் இல்லை. பாராட்டை எதிர்பார்த்து நின்றாள். திரைச்சீலைக்கு அப்பால் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்பால் தட்டு. தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால், என்னை நம்பி ஒரு மனிதர் மார்கழியில் முட்டை தின்பார். தீய்ந்துவிட்டது என்று சொன்னால், இந்தக் குழந்தை பின்னாலேயே வந்து, தீயவில்லையே என்று சொல்லும். உண்மையைச் சொன்னால்? அதுதான் எல்லாவற்றிலும் கொடியதாகத் தோன்றியது. இன்று பட்டது என்றால், போன ஆண்டு படவில்லை என்பதற்கு என்ன உறுதி? அதற்கு முந்திய ஆண்டு? அவருடைய தாயார் உண்டவை? இத்தனை ஆண்டுகளாக என் மனைவி காத்த சுத்தம் முழுவதும் என் ஒரு வாக்கியத்தில் சந்தேகத்துக்கு உள்ளாகும். போவது என் கௌரவம் மட்டும் என்றால் வேறு. போகப்போவது விழுப்புரத்தில் மகளுக்குச் சமைத்துப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தியின் நற்பெயர். பின்கதவை நான் அன்றும் சாத்தியே வைத்திருந்தேன். அதைத் திறந்து கிணற்றடிப் பக்கமாக எங்காவது போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வயது அறுபத்து மூன்று.

“இன்னா சார், தட்டு எடுக்கப் போனீங்களா, புதுசா சுடவே ஆரம்பிச்சிட்டீங்களா?” என்று வெளியிலிருந்து குரல் வந்தது. போதகர் சிரித்தார்.

பேத்தி என் வேட்டியைப் பற்றி இழுத்தாள். “நான் வேணா சொல்லட்டுமா தாத்தா?”

“வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, வெறுங்கையோடு வெளியே வந்தேன்.

நின்றபடியே சொன்னேன். மாவில் இல்லை, மேலே பூசப்பட்டுவிட்டது, இப்போதுதான் எனக்குத் தெரியவந்தது, தட்டைக் கொடுப்பதற்கில்லை என்று, ஓர் ஆவணத்தை வாசிப்பவனைப் போல வரிசையாகச் சொன்னேன். போதகர் தம் கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் வீட்டுக்காரர் திரைச்சீலையோரம் நின்றவளைக் கூப்பிட்டார்.

“நீயா கண்ணு தடவுன?”

“ஆமா தாத்தா. உங்களுது பளபளன்னு இருக்கட்டும்னு.”

“கெட்டிக்காரி” என்று அவள் தலையைத் தடவினார். எலுமிச்சம்பழத்தை மேசைமீது வைத்தார். “அதனால இன்னா சார், சின்னப் புள்ள. நான் வர்றேன்.”

அவர் தெருவைக் கடந்து தம் வீட்டுக்குள் நுழைவதை ஜன்னல் வழியாகக் கண்டேன். நான் அஞ்சிய கேள்வியை அவர் கேட்கவில்லை. ஆனால் கேட்கப்படாத கேள்வியோடு ஓர் இரவைக் கழிப்பது அதனினும் கடினமாக இருந்தது. மறுநாள் காலை அவர் எங்கள் கேட்டருகில் வந்து நின்றபோது எனக்கு ஏறக்குறைய நிம்மதியாக இருந்தது.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கினு வரச் சொன்னாங்க. முன்ன வந்ததெல்லாம்…”

“அதெல்லாம் என் வீட்டம்மா தன் கையாலேயே செய்தது. பேக்கரியிலும் பக்கத்திலேயே இருந்து வாங்கிவந்தது. ஒரு துளி பட்டிருக்காது. நான் சொல்கிறேன்.”

“நீங்க சொன்னா போதும் சார்.”

அவர் போய்விட்டார். நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பது ஆண்டு உத்தியோகத்தில், ஆட்களை நேரில் பார்க்காமல் ஒரு பத்திரத்திலும் நான் கையெழுத்திட்டதில்லை. இப்போது சொன்ன வார்த்தையோ, நான் ஒருநாளும் எட்டிப் பார்த்திராத சமையலறையைப் பற்றியது. அது உண்மை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது எனக்குத் தெரியாது என்பதும் உண்மை. என் குரலில் அது அவருக்குக் கேட்டிருக்குமோ?

பொங்கலுக்கு முன் என் மனைவி திரும்பிவந்தாள். மகளுக்கு ஆண் குழந்தை. நடந்ததை நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தவள், “பழம் வாங்கிக் குடுங்கன்னுதானே சொன்னேன்?” என்றாள்.

எதிர் வீட்டாரோடு எந்தக் குறையும் உண்டாகவில்லை. பொங்கலுக்குக் கரும்பு வந்தது. தீபாவளிக்கு அதிரசமும் முறுக்குமாகத் தட்டு நிறைந்து வந்தது. நவம்பர் கடைசியில் காய்கறி வண்டியருகே அந்த வீட்டம்மா என் மனைவியிடம் சொன்னார்களாம்: “டாக்டரு இவருக்கு இனிப்பே ஆவாதுன்னுட்டாரு. கிறிஸ்துமஸுக்கு பிஸ்கெட்டு வேணாம்மா. ஒரு சீப்பு பழம் குடுங்க, போதும்.” என் மனைவி, “சரிக்கா” என்று சொல்லிவிட்டுக் கத்திரிக்காயைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதே வாரத்தில் அவர் கடைத்தெருவில் ஜிலேபிப் பொட்டலத்தோடு வருவதை நான் கண்டேன். இருவரும் வணக்கம் சொல்லிக்கொண்டோம்.

அந்த டிசம்பரில் சமையலறைக் கதவும் ஜன்னலும் விரியத் திறந்திருந்தன. பேத்தி மறுபடியும் வந்திருந்தாள். முன்னறையில் செய்தித்தாளோடு இருந்த எனக்கு அவர்கள் பேச்சு தெளிவாகக் கேட்டது.

“எதிர் வீட்டு மாவு எங்க ஆயா?”

“இந்த வருஷம் ஒரே மாவு போதும்டி.”

“ஏன்? நான் ஒண்ணும் தடவமாட்டேன்னு சொல்லு. கிட்டயே போமாட்டேன்.”

மாவு தேய்க்கும் ஓசை நின்றது. நான் உள்ளே போய் என் மனைவிக்காக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். செய்தித்தாளை மடித்துவைத்தேன். எழுந்து வெளியே போய்விடலாமென்றால், பின்கதவுக்குச் சமையலறை வழியாகத்தான் போகவேண்டும். மிச்சமிருப்பது தெருவாசல் ஒன்றுதான். அதைத் திறந்தால் எதிர் வீட்டு வாசலில் அவர் உட்கார்ந்திருப்பார்.