கரையை மொட்டையடித்தவர்

என் அக்காள் கணவர் ஊருக்குத் தண்ணீர் ஏற்றுபவர். ஆற்றங்கரை மோட்டார் அறையில் இருபத்திரண்டு வருஷ வேலை. ஒருநாள்கூட ஊருக்குத் தண்ணீர் நின்றதில்லை என்பதில் மனுஷருக்கு அப்படியொரு பெருமை. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் குழாயைத் திறந்து பார்ப்பார். தண்ணீர் கொட்டினால்தான் உட்காருவார். அக்காள் தலையில் அடித்துக்கொள்வாள்.

அவருக்கு ஒரே எதிரி இலை. கரை நெடுக நாணல், புதர், தண்ணீர்மேல் சாய்ந்த பெரிய மரங்கள். அவை உதிர்ப்பதெல்லாம் ஆற்று நீரை உறிஞ்சும் குழாய் வாயிலுள்ள கம்பிவலையில் வந்து அப்பிக்கொள்ளும். தினமும் விடிந்ததும் முழங்கால் தண்ணீரில் நின்று வாரித் தள்ள வேண்டும். மரங்களை வெட்டச் சொல்லி நாலு மனு போட்டார். பதிலே இல்லை. ஐந்தாவது மனுவோடு, ஒருநாள் வாரிய இலையை அப்படியே சாக்கில் கட்டிக்கொண்டுபோய் இன்ஜினியர் மேஜைமேல் வைத்தார். ஈரச் சாக்கு. ஃபைலெல்லாம் நனைந்தது. தொல்லை விட்டால் போதும் என்று அந்த வாரமே பொக்லைனை அனுப்பிவிட்டார் இன்ஜினியர்.

இரண்டே நாளில் மரம், புதர், நாணல் எல்லாம் வேரோடு போய்க் கரை மழமழவென்று மொட்டை. மாமா அறை வாசலில் நாற்காலி போட்டு, செய்தித்தாளை வரி விளம்பரம் உட்படப் படித்தார்.

"பாத்தியா மாப்ளே, ஒரு இலை இல்லை!"

நான் சலவைக்கடைக்காரன். ஆற்றைப் பற்றி எனக்கென்ன தெரியும்? "ஜோரா இருக்கு மாமா" என்று ஜால்ரா போட்டேன்.

அப்புறம் மழை வந்தது. வேர் பிடித்து வைத்திருந்த கரை, பிடிமானமில்லாமல் பொத்துப் பொத்தென்று ஆற்றில் சரிந்தது. மேட்டு வயல்களிலிருந்து ஓடிவரும் சேற்றை முன்பெல்லாம் நாணலும் புதரும் மறித்து வைத்துக்கொள்ளும். இப்போது தடுக்க ஆளில்லை. என் கடையில் ஒரு லாட்ஜின் நாற்பது வெள்ளை விரிப்புகள் காபி நிறத்தில் வெளியே வந்தன. மத்தியானத்துக்குள் வடிகட்டும் தொட்டிகள் எல்லாம் அடைத்துக்கொள்ள, மாமா தன் கையாலேயே மோட்டாரை நிறுத்தினார்.

மூன்று நாள் ஊருக்குத் தண்ணீர் இல்லை. சோறு போட்டால் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றாள் அக்காள். விரிப்புக் கோபமெல்லாம் போய் எனக்குப் பாவமாக இருந்தது.

மூன்றாம் நாள் மோட்டார் அறை கேட்டில் வாளியும் குடமுமாகக் கூட்டம். இன்ஜினியர் வந்து, "எல்லாம் மழையால வந்தது. நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார். கூட்டம் முணுமுணுத்தபடி கலையத் தொடங்கியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் மாமா தப்பித்திருப்பார். நான் ஜாடைகூடக் காட்டினேன்.

"மழை வருஷா வருஷம்தான் பெய்யுது. மரத்தை வெட்டச் சொன்னது நான்," என்றார் சத்தமாக. "தினமும் இலை வார்றதுக்குச் சோம்பல்பட்டேன்."

இன்ஜினியர் முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் தெருத் தையல்காரம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் ஆட்டி ஆட்டித் திட்டினார். மாமா கையைக் கட்டிக்கொண்டு முழுசும் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, நான் அழுகிற ஆளே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் துணி வண்டி பறிபோனது. அதில் நாணல் கிழங்கும் மரக்குச்சிகளும் ஏற்றிக்கொண்டு மாமா கரைக்குப் போனார். வண்டி சேறாகுமே என்ற கவலையில் நானும் பின்னாலேயே போனேன். போனவன் கையில் கடப்பாரையைக் கொடுத்துவிட்டார். நான் குழி போட, அவர் நட்டார். மறு ஞாயிறும் அதே கதை. வேர் ஓடிக் கரை கெட்டிப்பட நாலைந்து வருஷம் ஆகும் என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். மாமாவுக்கு ஓய்வுபெற இரண்டு வருஷம்தான் பாக்கி. எனக்கு வாய் சும்மா இருக்காது.

"அப்போ உங்க சர்வீஸ் முடியறவரைக்கும் மழைக்கு மழை மோட்டாரை நிறுத்தித்தானே ஆகணும், மாமா?"

"ஆமா," என்றார் மாமா. "அடுத்த குழியைப் போடு."