குடமுருட்டிக் கரைக் கூடாரத்திலிருந்து எஸ்தர் பிழைத்தாள்

என் மனைவி எஸ்தருக்கு வலி எடுத்து அது இரண்டாம் நாள். குழந்தை இறங்கவில்லை. பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டி ஆற்றிலிருந்து பிரிகிற ஒரு வாய்க்காலின் கரையில், தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் கிடந்தாள். உதவிக்கு ஒருவரும் இல்லை. இல்லாமல் போனதற்குக் காரணம் நான்தான். அதைச் சொல்லாமல் கர்த்தர் செய்ததை மட்டும் சொன்னால் இது சாட்சி ஆகாது. அதனால் முழுவதையும் சொல்கிறேன்.

நாங்கள் வாத்து மேய்க்கிறவர்கள். ஊர் விழுப்புரம் பக்கம். அறுப்புக் காலத்தில் வாத்துகளை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ச் சீமைக்கு வந்துவிடுவோம். ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் கூடாரம் அடிப்போம். அறுத்த வயலில் சிந்திக் கிடக்கிற நெல்லும் நத்தையும்தான் வாத்துக்குத் தீனி. ஒரு வயல் தீர்ந்தால் கூடாரத்தைப் பிரித்து அடுத்த கரைக்குப் போவோம். எஸ்தருக்கு அது தலைப்பிரசவம். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று நினைத்துத்தான் அழைத்து வந்தேன். என் மாமியார் விட மாட்டேன் என்றார். "எல்லாம் கர்த்தர் பாத்துக்குவாரு" என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன். என் பிடிவாதத்துக்குக் கர்த்தருடைய பெயரைப் போட்டுக்கொண்டேன்.

சென்னையில் ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அறுப்புக்கு இவ்வளவு கூலி கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. அந்த ஊர் மிராசுதார் கொடுக்கவில்லை. வேலைக்காரர்கள் அரிவாளைத் தொட மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். பொங்கல் கழிந்து ஒரு வாரமாகியும் கதிர் தலைசாய்ந்து வயலிலேயே நின்றது. அறுக்காத வயலில் வாத்தை இறக்க முடியுமா? முட்டை குறைந்தது. பிறகு நின்றே போனது. தினமும் காலையில் நாலைந்து வாத்து செத்துக் கிடந்தது.

மிராசுதாரின் காரியஸ்தர் கூடாரத்துக்கு வந்தார்.

"ரெண்டு நாளைக்குக் கை குடு சாமுவேலு. நீ அறுக்குற வயல்ல ஒன் வாத்துதான் மொதல்ல எறங்கும்" என்றார்.

அரிவாளை வாங்கிக்கொண்டேன். வாத்துக்காகத்தானே என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். வெளியூர் ஆட்கள் சிலரோடு வயலில் இறங்கினேன். வரப்பில் போலீஸ் நின்றது. வேலைக்காரர்கள் தெருவிலிருந்து ஒருவர் என் எதிரே வந்து கைகூப்பினார்.

"அண்ணே, இது எங்க சோறு. வேணாம்ண்ணே."

நான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. போலீஸார் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சாயங்காலம் காரியஸ்தர் ஒரு தாளை நீட்டினார். அந்த ஆள் என்னை வெட்ட வந்ததாக அதில் எழுதியிருப்பதை அவரே வாசித்துச் சொன்னார். கைநாட்டு வைத்தேன். வாத்துகள் அன்றைக்கு வயிறு நிறையத் தின்றன.

மறுநாளிலிருந்து அந்த ஊரில் எங்களுக்கு யாரும் இல்லை. திட்டவுமில்லை, அடிக்கவுமில்லை. டீக்கடைக்காரர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். எஸ்தர் தண்ணீருக்குப் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

மூன்றாம் நாள் அவளுக்கு வலி கண்டது.

மறுநாள் காலையில் காரியஸ்தரிடம் ஓடினேன். பாபநாசம் ஆஸ்பத்திரிக்கு ஒரு வண்டி கேட்டேன். "வண்டியெல்லாம் கதிர்க்கட்டு ஏத்தப் போயிருக்கு. வாத்துக்காரன் பொண்டாட்டிக்கு வண்டியா?" என்றார். அவருக்காகத்தான் அந்தப் பாவத்தைச் செய்திருந்தேன். திரும்பி வந்தபோது எஸ்தர் கத்துவதற்கும் தெம்பில்லாமல் முனகிக்கொண்டிருந்தாள். என் கையைப் பிடித்து, "என்னை எங்க ஊர்லயே பொதைச்சிடுங்க" என்றாள்.

வாய்க்கால் தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி நின்றேன். முதலில் மிராசுதார் மனம் இளக வேண்டும் என்று ஜெபித்தேன். அதைப் பாதியிலேயே விட்டேன். பிறகு அழுதேன். "ஆண்டவரே, அரிவாளப் புடிச்சவன் நான். அவ இல்ல. ரெண்டு உயிரையும் குடுத்துடும். யாரையாவது அனுப்பும்" என்றேன். யார் வருவார்கள் என்று எனக்கே தெரியவில்லை.

கூடாரத்துக்குள்ளிருந்து எஸ்தர் ஒருமுறை அலறினாள். எதிர்க்கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தார். "யாரு உள்ள?" என்றார். சொன்னேன். "எத்தன நாளா?" என்றார். சொன்னேன். சேலையைச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்தார். கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. நான் கைநாட்டு வைத்து உள்ளே தள்ளிய மனிதரின் மனைவி பாக்கியம்.

உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "புள்ள குறுக்கால கெடக்கு. இங்க ஆவாது" என்றார். தெருப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். மூன்று பெண்கள் ஓடி வந்தார்கள். கூடாரத்துத் தார்ப்பாயை அவிழ்த்து, அதில் எஸ்தரைக் கிடத்தி, ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு கரையோடு நடந்தார்கள். நான் பின்னால் ஓடினேன்.

ரோட்டில் மிராசுதாரின் வண்டியை வேலைக்காரர்கள் மறித்து நிறுத்தியிருந்தார்கள். அதில் நான் அறுத்த கதிர்க்கட்டுகள்.

"இவன்தானேக்கா நம்ம அண்ணன உள்ள தள்ளுனவன்" என்றார் ஒருவர்.

"அவன் கெடக்குறான். இந்தப் பொண்ணு என்னடா பண்ணுச்சு? கட்ட எறக்குங்க" என்றார் பாக்கியம்.

கட்டுகளை இறக்கினார்கள். காரியஸ்தர் தரமாட்டேன் என்ற வண்டியில் என் மனைவி பாபநாசம் போனாள்.

பெண் குழந்தை. அழவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் தாயும் இல்லை என்றார் டாக்டரம்மா. குழந்தையை எங்கே புதைப்பது என்று நின்றபோது அந்தத் தெருக்காரர்கள் தங்கள் சுடுகாட்டில் இடம் கொடுத்தார்கள்.

பாக்கியத்தைத் தேடிப் போய், "கர்த்தர்தாம்மா ஒங்கள அனுப்புனாரு" என்றேன்.

"என்னை யாரும் அனுப்பல. சத்தம் கேட்டுச்சு, வந்தேன்" என்றார். பிறகு, "எங்க வீட்டுக்காரரு இன்னும் வரல" என்றார்.

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். அவர் என்னை வெட்ட வரவில்லை, கும்பிட்டுத்தான் கேட்டார், தாளில் இருப்பது பொய் என்றேன். அறை வாங்கினேன். அதையே மறுபடியும் சொன்னேன். கோர்ட்டிலும் சொன்னேன். அந்த மனிதர் வீட்டுக்கு வர மாசி மாதம் ஆனது. மிராசுதார் எந்த வயலிலும் எங்களை இறங்க விடவில்லை. பாதி வாத்துகளோடு ஊர் திரும்பினோம். அதன் பிறகு கூலிக்காக மறுத்து நிற்கிறவர்களின் வயலில் நான் அரிவாள் வைத்ததில்லை. எங்களுக்கு வேறு குழந்தையும் பிறக்கவில்லை.

பாக்கியம் எதை நம்புகிறார் என்று நான் கேட்டதில்லை. அவரை அனுப்பியது யார் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. நான் சொல்லச் சொல்ல எழுதின இதை வாசிக்கிறவர்களே, உங்களுக்கும் இப்படி ஒரு கரையில் தனியாக நிற்கும் நாள் வரலாம். அன்றைக்கு உங்கள் தப்பை மறைக்காமல் கர்த்தரிடம் கேளுங்கள். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு உயிரைக் கேட்டேன், ஒன்றைத் தந்தார். எஸ்தர் உள்ளே அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறாள். அவருக்கு ஸ்தோத்திரம்.