பொந்தியான் சாலையில் ஒரு காக்கிச் சட்டை

தொலைக்காட்சிப் போலீஸைப் பார்த்துச் சிரித்தே வளர்ந்தவன் நான். டிவி பெட்டி ஒரு ஆட்டுக்குட்டி கனம் கனத்த காலத்தில், எங்கள் ஊரான தம்போய் கடைவரிசையில் வாடகைக்கு எடுத்துவரும் வீடியோ டேப்பில் ஓர் இன்ஸ்பெக்டர் வருவார். திருடனுக்கு விலங்கு மாட்டுவது எப்படி என்று காட்டப்போய்த் தன் கையையே ஜன்னல் கம்பியோடு பூட்டிவிட்டுச் சாவியைத் தேடுவார். திருடனே பரிதாபப்பட்டு அவருக்குத் தேநீர் ஊட்டிவிடுவான். அந்த இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டதில் டேப் தேய்ந்து, இன்ஸ்பெக்டரின் முகத்தில் மழை பெய்ய ஆரம்பித்துவிட்டது.

இப்போது மகளின் கைப்பேசியில் வருகிற இன்ஸ்பெக்டர் நவீனமானவர். கொலை நடந்த வீட்டுக்கு மேப்பைப் பார்த்துக் கிளம்பி, பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறார். பழசிலும் புதுசிலும் மாறாதவர் ஒருவர்தான், அந்தப் பயந்தாங்கொள்ளி கான்ஸ்டபிள். பட்டாசு வெடித்தால்கூட இன்ஸ்பெக்டர் முதுகுக்குப் பின்னால் போய்விடுவார். அவரைப் பார்த்து நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன். ஒரு மனுஷன் இப்படியுமா இருப்பான் என்று மகளிடம் கேட்டும் இருக்கிறேன்.

மனைவியின் ஊர் பொந்தியான். பொங்கல் முடிந்த வார இறுதியில் அங்குள்ள மண்டபத்தில் எல்லாரும் கூடுவார்கள். கோலப்போட்டி, உறியடி, பிறகு நானும் மச்சானும் போடும் போலீஸ் காமெடி. நான் இன்ஸ்பெக்டர். மனைவியின் தம்பியான அவன் கான்ஸ்டபிள்.

போன பொங்கலுக்கு மச்சான் சிங்கப்பூரிலிருந்து அசல் காக்கித் துணி வாங்கி வந்தான். அங்கேதான் அவனுக்குக் கிடங்கில் வேலை. தினமும் இருட்டோடு எழுந்து எல்லைப் பாலம் கடந்து போய்வருகிறவன். காக்கி முழுக்கைச் சட்டை, கஞ்சி போட்டுக் குடை மாதிரி விரிந்த அரைக்கால் சட்டை, பிஸ்கட் டின் மூடியில் வெட்டிய நட்சத்திரங்கள், தொப்பி, பசை போட்டு ஒட்டிய மீசை. மண்டபத்துக்குள் காரிலிருந்து அப்படியே இறங்கி நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால் தம்போயிலேயே உடுத்திக்கொண்டு நானே வண்டி ஓட்டினேன். மச்சான் டீசட்டையில் என் பக்கத்தில். அவன் வேஷம் காலடியில் பையில் இருந்தது. பின்சீட்டில் மனைவியும் மகளும்.

"அத்தான், அங்க போய் மாத்திக்கலாம் லா," என்றான் மச்சான். "போலீஸ் உடுப்பு போட்டா கேஸ் ஆயிரும். என் வேலை பெர்மிட்ட இப்பதான் புதுப்பிக்கக் குடுத்திருக்கேன். கேஸ் கீஸ்னு பேர் வந்திச்சினா வேலை போச்சு. வீட்டுல ரெண்டு சின்னதுங்க இருக்கு."

"கான்ஸ்டபிள், வாயை மூடு," என்றேன் இன்ஸ்பெக்டர் குரலில். மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் நாலு வசனம் பேசினேன்.

அன்னாசிக் கடைகளைத் தாண்டியதும் ரோட் பிளாக்.

கூம்புகள், வரிசை நிற்கும் கார்கள், வெயிலில் கருநீல உடுப்பில் போலீஸ்காரர்கள். தொப்பியைக் கழற்றி அதன்மேலேயே உட்கார்ந்தேன். மீசையைப் பிடுங்கினேன், பாதி வந்தது, பாதி வரவில்லை.

"என்னங்க பண்றீங்க," என்றாள் மனைவி.

"பேசாம இரு. எல்லாரும் சாதாரணமா இருங்க," என்றேன், அரை மீசையோடு.

இளம் போலீஸ்காரர் ஒருவர் எங்கள் காரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நடந்து வந்து, என் ஜன்னலுக்கு வெளியே நின்று, ஒன்றும் பேசாமல் விரலைக் கீழே காட்டினார். கீழே என்ன இருக்கிறது? என் காக்கி அரைக்கால் சட்டை இருக்கிறது.

அதன்பிறகு நான் மலாயில் பேசியதை யாராவது பதிவு செய்திருந்தால் இன்றைக்கு நானும் கைப்பேசியில் ஓடிக்கொண்டிருப்பேன். "துவான், இது என்னுடைய சட்டை இல்லை, துவான். இதோ இவனுடையது. இவன்தான் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தான். தினமும் போய்வருகிறவன். வேண்டாம் என்று சொன்னேன், இவன்தான் போடவைத்தான். என்ன கேட்பதானாலும் இவனைக் கேளுங்கள்."

சொல்லும்போதே என் இடது கை மச்சானின் தோளைப் பிடித்து என் ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அவனுக்குச் சீட் பெல்ட் இருந்ததால் அதற்குமேல் வரவில்லை.

மச்சான் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு நேராகச் சாலையைப் பார்த்தான்.

போலீஸ்காரர் குனிந்து எங்களை மாறிமாறிப் பார்த்தார். "பாக்சிக், சேலை," என்று மாமா முறை வைத்து மலாயில் சொன்னார். "பின்கதவில் மாட்டித் தரையில் இழுபடுகிறது. சக்கரத்தில் சுற்றினால் ஆபத்து." பிறகு என் சட்டையை இன்னொரு முறை பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்: "பாக்சிக் சாரணர் ஆசிரியரா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த நாட்டில் எந்தப் போலீஸ்காரர் காக்கி உடுத்துகிறார்? இத்தனை வருஷமாக இந்த ஊர்ச் சாலைகளில் கருநீலத்தைப் பார்த்தவன் நான். ஆனாலும் போலீஸ் என்று நினைத்தால் என் தலைக்குள் வருவது தமிழ்ப்படக் காக்கிதான். மச்சானுக்கும் அப்படித்தான். டிவியில் மட்டும் வேலை பார்க்கும் ஒரு போலீஸின் உடுப்புக்குப் பயந்து, நான் அவன் பிள்ளைகளின் சோற்றைத் தூக்கி ஜன்னல் வழியாகக் கொடுத்திருக்கிறேன்.

"ஆமாம், துவான். சாரணர்தான்," என்றேன். பொய்யையும் விடவில்லை.

மனைவி கதவைத் திறந்து முந்தானையை உள்ளே இழுத்துக்கொண்டாள். போலீஸ்காரர் கையசைத்து அனுப்பிவிட்டார்.

செம்பனைத் தோட்டம் முடியும் இடத்தில் மச்சான்தான் வாயைத் திறந்தான். "பரவால்ல அத்தான். நான் உள்ள போயிருந்தா பிரியாணி எடுத்துட்டு வந்து பாத்திருப்பீங்கதானே?"

"நீ சிரிக்காதடா," என்றாள் மனைவி, அவனிடம்.

மகள் சிரிக்கவில்லை. "மாமா பேரைக்கூட சொல்லிருப்பீங்க இல்லப்பா?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் கண்ணாடியில் அவளைப் பார்க்காமல் வண்டியை ஓட்டினேன். போலீஸ்காரர் கேட்டிருந்தால், அடையாள அட்டை எண்ணையும் சேர்த்தே சொல்லியிருப்பேன்.

மண்டபத்தின் பின்னால் காக்கிச் சட்டையைக் கழற்றி மச்சானிடம் நீட்டினேன். "இன்னிக்கு நீ இன்ஸ்பெக்டரா இரு."

"வசனம் தெரியாதே அத்தான்."

"எனக்குக் கான்ஸ்டபிள் வசனம் தெரியும்," என்றேன். அவன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டையை வாங்கிக்கொண்டான். சட்டையின் தோள்பட்டை அவனுக்குத் தொங்கியது.

மேடையில் துப்பாக்கிச் சத்தத்துக்காகத் திரைக்குப் பின்னால் பலூனை உடைத்தார்கள். நான் பாய்ந்து மச்சானின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டேன். எத்தனையோ வருஷமாக நாங்கள் போட்ட காமெடியில் அப்படி ஒரு சிரிப்பு எழுந்ததில்லை. முன்வரிசைக் கிழவர் ஒருவர் நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அச்சு அசல் என்று யாரோ கத்தினார்கள். மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் குனிந்து தன் கைநகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மச்சான் ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் செய்தான். திரும்பாமலே ஒரு கையைப் பின்னால் நீட்டி, துழாவி, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"இருக்கீங்களா அத்தான்?" என்று மெதுவாகக் கேட்டான். அது மைக்கில் விழவில்லை.

"இருக்கேன்டா," என்றேன். அவன் முதுகுக்குப் பின்னாலிருந்துதான்.