கருப்பு உளுந்து ரெண்டு கிலோ

தால் மக்கனி வைப்பதில் எங்கள் தெருவில் என்னை அடிக்க ஆள் கிடையாது. வேறு யாரும் அதை வைப்பதில்லை என்பது தனி விஷயம். வீட்டுக்காரர் ராணுவத்தில் இருப்பதால் பதினோரு வருஷம் பஞ்சாபில் குவார்ட்டர்ஸில் குடியிருந்தேன். பக்கத்து வீட்டு சர்தார்ஜியின் மனைவி சொல்லிக்கொடுத்த பக்குவம் இது. கருப்பு உளுந்தைத் தொலியோடு முழுசாக ஊறப்போட வேண்டும், கூட ஒரு கைப்பிடி ராஜ்மா. குக்கரில் குழைய வேகவிட்டு, வெண்ணெயில் இஞ்சி, பூண்டு, தக்காளி வதக்கிக் கொட்டி, சிம்மில் மூன்று மணி நேரம் கிண்டிக்கொண்டே நிற்க வேண்டும். எனக்கு வேறு எதிலும் பொறுமை கிடையாது. தாலில் மட்டும் உண்டு.

அவர் எல்லைப் பக்கம் மாற்றலாகிப் போனதும் நானும் மகளும் ராஜபாளையத்துக்கே திரும்பிவிட்டோம். மகளுக்குப் பன்னிரண்டு வயது, வளர்ந்ததெல்லாம் வடக்கே. அவள் பேசும் தமிழைக் கேட்டு வகுப்பில் சிரிப்பார்கள். ஆறு மாசமாக ஒரு பிள்ளைகூட வீட்டுக்கு வந்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் ஓடி வந்து, “மா, சண்டே மூணு பேர் சாப்பிட வர்றாங்க. தால் பண்ணுவியா?” என்று கேட்டாள். பண்ணுவேனாவா?

வெள்ளிக்கிழமை மளிகைக்கடைக்குப் போனேன். கருப்பு உளுந்து ரெண்டு கிலோ கேட்டேன். எதையும் அள்ளி வாங்குவது குவார்ட்டர்ஸ் பழக்கம். வீட்டில் தீர்ந்திருந்த நல்லெண்ணெய் ஒரு லிட்டர், நாட்டுமுட்டை ஒரு டஜன் என்றும் சேர்த்துச் சொன்னேன். அண்ணாச்சி பொட்டலம் மடிப்பதை நிறுத்திவிட்டு, “வீட்டுல விசேஷமாம்மா?” என்றார்.

“ஆமாண்ணாச்சி. மகளுக்குத்தான். ஞாயித்துக்கிழம” என்றேன் பெருமையாக.

சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி வெண்ணெயும் பாலாடையும் வாங்கி வந்தேன். பால்கோவா ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சுந்தரபாண்டியத்திலிருந்து தம்பி போன் செய்தான். “ஏக்கா, நான் ஒருத்தன் உசுரோடதான இருக்கேன்? ஊரே சொன்ன பொறவுதான் எனக்குத் தெரியணுமா?” என்று எடுத்த எடுப்பிலேயே கத்தினான்.

“தால் வைக்கதுக்கு உன்ட்ட எதுக்குடா சொல்லணும்? அடுப்புல வேல கெடக்கு” என்று வைத்துவிட்டேன். அடுப்படியில் நிற்கும்போது நான் யார் பேச்சையும் முழுசாகக் கேட்பதில்லை.

பன்னிரண்டரைக்கு வருவதாகச் சொன்ன பிள்ளைகள் ஒன்றேகால் ஆகியும் வரவில்லை. மகள் கேட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். பிள்ளைகளுக்குப் பதிலாக எதிர்வீட்டு அக்கா வந்தார். ஒரு கையில் முட்டைத் தட்டு, மறு கையில் மஞ்சள் கொத்து.

“ஏட்டி, பிள்ள எப்ப சடங்கானா? என்ட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? கடை அண்ணாச்சி சொல்லித்தான் தெரியுது” என்றார்.

கரண்டியோடு அப்படியே நின்றேன். பெரிய மனுஷியான பிள்ளைக்கு உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுமுட்டை. மூன்றையும் ஒன்றாக வாங்கி, விசேஷமா என்று கேட்டவரிடம் மகளுக்குத்தான் என்று சொன்னவள் நானேதான். தாய்மாமனான தம்பி காலையில் போனில் குதித்ததும் இதற்குத்தான். இந்த ஊரில் பிறந்தவளுக்கு இதுகூட மறந்துபோயிருந்தது.

“அப்ப அந்தப் பிள்ளைக வராதது...” என்று இழுத்தேன்.

“தீட்டு வீட்டுக்கு யாருட்டி பிள்ளையச் சாப்பிட அனுப்புவா? பதினாறு நாள் கழியட்டும்னு அவுக அம்மைககிட்ட நாந்தான் சொன்னேன்” என்றார் அக்கா.

எனக்குப் பின்னால் மகள் நின்றிருந்தாள். “எல்லாரும் என்னைப் பத்தி அதைத்தான் பேசுறாங்களா? அந்தக் கடைக்காரர்கூடவா?” என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

அண்ணாச்சி மேலும் அக்கா மேலும் வந்த கோபம் கடைசியில் என் வாய் மேலேயே வந்து நின்றது. ஆறு மாசம் காத்திருந்து கிடைத்த ஒரு நாளை நானே கெடுத்துவிட்டேன். நடந்ததை அக்காவிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. “நான் செஞ்ச வேலைய நானே சரிபண்ணுதேன்” என்று முட்டையை அங்கேயே வைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

நான் மூடிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்து, “அம்மா செஞ்சது தப்புதான்” என்றேன். அந்த வார்த்தை என் வாயில் லேசில் வராது. உள்ளேயிருந்து குரல் வந்தது. “நிஜமா அது வரும்போது யார்கிட்டயும் சொல்லக்கூடாது. பிராமிஸ் பண்ணு.”

எனக்கோ ஓட்டை வாய். ஆனாலும் சத்தியம் செய்தேன்.

அக்கா ரெண்டு நடையாக மூன்று பிள்ளைகளையும் கொண்டுவந்து இறக்கினார். அதற்குள் தால் சிம்மில் இன்னும் ஒரு மணி நேரம் வெந்து, என் ஆயுசிலேயே நல்ல பதத்துக்கு வந்திருந்தது. ஒருத்தி கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்து, “என்னட்டி, களியக் கரைச்சு வச்சிருக்கீக?” என்றாள். நான் மகளைத்தான் பார்த்தேன். அவள் ஒரு நொடி விழித்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். ரொட்டியைத் தள்ளி வைத்துவிட்டு நாலு பேரும் தாலைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, அப்பளத்தை நொறுக்கிப் போட்டுத் தின்றார்கள். என் பஞ்சாபித் தாலுக்கு வந்த கதியைப் பொறுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் வராத ஞாயிறு குறைவு.

போன மாசம் அது நிஜமாகவே வந்தது. வீட்டில் நாங்கள் ரெண்டு பேர்தான், இருந்தும் என் காதில்தான் சொன்னாள். நான் தம்பிக்குக்கூட சொல்லவில்லை. அவன் அறிந்தால் என்னைச் சும்மா விட மாட்டான், பார்த்துக்கொள்ளலாம். நேரே கடைக்குப் போய்க் கருப்பு உளுந்து ரெண்டு கிலோ கேட்டேன்.

“என்னம்மா, தாலா?” என்று சிரித்தார் அண்ணாச்சி.

“தாலுதாண்ணாச்சி” என்றேன்.

வீட்டுக்கு வந்து உளுந்தை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகும் நல்லெண்ணெயும் விட்டுக் களி கிண்டினேன். கிண்டிப் பல வருஷமானதால் அங்கங்கே கட்டி தட்டிவிட்டது. மகள் தின்றுகொண்டிருக்கும்போது எதிர்வீட்டு அக்கா கேட்டில் நின்று, “ஏட்டி, கருப்பட்டி வாசம் தூக்குதே, என்ன கிண்டுத?” என்றார்.

மகள் வாய் நிறையக் களியோடு, “தால் பெரியம்மா, தாலு!” என்று கத்தினாள்.

அக்கா இன்னொரு தரம் வாசம் பிடித்தார். பிறகு, “சரி தாயி, நல்லாச் சாப்பிடு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கேட்டில் ஒரு மஞ்சப்பை தொங்கியது. உள்ளே பத்து நாட்டுமுட்டை. தெருவில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.