சாவிப் படம்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் தொலைக்காட்சியில் ஒரு பழைய படம் தொடங்கியது. ரிமோட்டைக் கையில் வைத்திருந்த மகள், "இது பாக்கலாமாப்பா, மாத்திடவா?" என்றாள். படத்தின் பெயரைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. என்னுடைய 2005ஆம் வருட டைரியில் அந்தப் பெயருக்கு நேராக 'சா' என்று எழுதியிருக்கிறேன். சா என்றால் சாவி. சாவி என்றால் பார்க்கத் தேவையில்லாத படம்.

"இருக்கட்டும், மாத்தாதே" என்றேன்.

சாவிக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதற்கு முதலில் எத்திராஜைச் சொல்ல வேண்டும். அப்போது நான் குரோம்பேட்டையில் ரப்பர் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். அவன் அங்கே மெஷின் ஓட்டினான். மாடம்பாக்கத்துக்காரன். தாத்தா நெல் விளைத்த நிலத்தில் எட்டுத் தெருக்கள் வந்துவிட்டதாகவும், அதில் தனக்கே வழி தெரியவில்லை என்றும் சொல்லிச் சிரிப்பான். எந்தச் சோப்பு போட்டுக் குளித்தாலும் அவன் மேல் சுட்ட ரப்பர் வாசனை அடிக்கும். இன்றைக்கும் டயர் கடையைத் தாண்டினால் எனக்குப் படம் பார்க்கத் தோன்றுகிறது.

வாரத்துக்கு ஒரு படம் பார்ப்போம், சனிக்கிழமை மாலைக் காட்சி. எதைப் பார்ப்பது என்பதில்தான் சண்டை. நான் பத்திரிகை விமர்சனங்களை வெட்டி ஒட்டி, டைரக்டரின் முந்தைய படங்களுக்கு மதிப்பெண் போட்டு, ஒரு தாளில் பட்டியல் கொண்டுபோவேன். எத்திராஜ் அதை வாங்கி வடையின் எண்ணெயை ஒற்றி எடுப்பான்.

"எழுதறவன்லாம் ஓசில பாக்கறவன் மச்சான். வெளிய வர்றவனைப் பாரு."

தாம்பரத்தில் தியேட்டருக்கு எதிரே ஒரு டீக்கடை. மேட்னி முடிகிற நேரத்தில் அங்கே போய் நிற்போம். கதவு திறந்ததும் எத்திராஜ் யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டான், கையைத்தான் பார்ப்பான். உள்ளே இருந்து வரும்போதே வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தால் படம் சரியில்லை. ஸ்டாண்டுக்குப் போய் வண்டி முன்னால் நின்ற பிறகு பாக்கெட்டில் தேடினால் நல்ல படம். "பாரு, பாரு, சாவிய ஆட்டிக்கினே வரான். படம் அவுட்டு" என்பான்.

அதற்கும் விதிகள் உண்டு. குழந்தையைத் தோளில் போட்டு வருபவர்கள் கணக்கில் இல்லை. குன்றத்தூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவர்கள் இல்லை. ஜோடிகள் அறவே இல்லை. "அதுங்க எங்கடா படம் பாத்துது?" ஒரு சனிக்கிழமை அத்தனை பேரும் சாவியோடு ஓடி வந்தார்கள், நாங்களும் திரும்பிவிட்டோம். அன்றைக்கு மழை தொடங்கியிருந்தது என்பது வீட்டுக்கு வந்து சட்டையைப் பிழிந்தபோதுதான் உறைத்தது. 'மழை நாளில் சாவி செல்லாது' என்று அன்றைய பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்தேன்.

பார்க்காமல் விட்ட ஒவ்வொரு படத்துக்கும் 'மிச்சம், இரண்டே முக்கால் மணி' என்று குறித்து, வருடக் கடைசியில் கூட்டிப் போடுவது என் வழக்கம். எனக்கு அதில் பெருமை வேறு.

"அவ்ளோ டைம மிச்சம் பண்ணி இன்னாடா பண்ணப் போற, டைரி?" என்று கேட்பான். அவன் எனக்கு வைத்த பெயர் அது.

அந்த 2005இல் ஒரு புதன்கிழமை எத்திராஜ் வேலைக்கு வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி வாசலில் வண்டியோடு நின்றான்.

"அரை நாள் லீவு போடு மச்சான். மேட்னி போலாம்."

படத்தின் பெயரைச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது சாவிடா. சனிக்கிழமை நீதானே பாத்துச் சொன்னே?"

"சாவிதான். பரவால்ல, வா. சும்மா ஒக்காந்துனு இருக்கலாம்."

"தெரிஞ்சே போய் உக்காரணுமா? சனிக்கிழமை நல்லதாப் பாத்துப் போலாம்."

அவன் வண்டியின் கண்ணாடியைத் துடைத்தான். "சரி, எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். எனக்கு அப்போது ஒன்பது நாள் லீவு பாக்கி இருந்தது.

சனிக்கிழமை டீக்கடைக்கு அவன் வரவில்லை. அடுத்த வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் மனைவி கஸ்தூரி சொல்லித்தான் தெரிந்தது. தொண்டையில் கட்டி, முற்றிவிட்டதாம். "புதன்கிழமை காலைலயே ரிப்போர்ட்டு குடுத்துட்டாங்கண்ணா. உங்களைப் பாத்துட்டு வர்றேன்னு போனாரு. உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் எங்கிட்ட சொன்னாருன்னு நெனச்சேன்."

பொங்கல் வரைக்கும்கூட எத்திராஜ் தாங்கவில்லை. கடைசியில் அவனுக்குக் குரல் வரவில்லை. அந்தப் புதன்கிழமையைப் பற்றி அவனும் காட்டிக்கொள்ளவில்லை, எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை பழக்க தோஷத்தில் தியேட்டருக்குப் போனேன். வண்டி ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கும் அக்கா, "இன்னா சார், தனியா வந்துகீறீங்க? உங்க தோஸ்த்து எங்க?" என்றாள். சொன்னேன். வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ! அன்னிக்கு ஒரு புதன்கெழம மேட்னிக்கு ஒண்டியா வந்தாரே. எல்லா வண்டியும் போயிடுச்சு, இவரு மட்டும் வண்டியாண்ட நின்னுகினே கீறாரு. அடுத்த ஷோ வண்டிங்க வருதுய்யா, எடுன்னு கத்தறேன். அப்பதான் பாக்கெட்ல சாவியத் தேடறாரு. படம் அவ்ளோ நல்லா கீதான்னு கேட்டேன். சூப்பர் படம்க்கான்னாரு." எனக்கு டோக்கனை நீட்டிக்கொண்டே, "அத நம்பி நானும் போயி ஒக்காந்தேன் சார். ஒரே பேஜாரு" என்றாள்.

தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். மாலில் படம் விட்டால் லிஃப்டில் இறங்கி கீழ்த்தளப் பார்க்கிங்குக்குப் போய்விடுகிறார்கள். எதிரே நின்று பார்க்க வாசலும் இல்லை, டீக்கடையும் இல்லை. வீட்டிலோ, படம் தொடங்கும்போதே எல்லோர் கையிலும் ரிமோட் என்கிற சாவி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைக் கடைசி எழுத்து வரை பார்த்தேன். மகள் பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். அக்கா சொன்னது சரிதான், மோசமான படம். முடிந்ததும் பரண்மேல் இருந்து 2005ஐ இறக்கினேன். அந்தப் புதன்கிழமைப் பக்கத்தில் என் குண்டு எழுத்தில் இருந்தது: 'எத்திராஜ் மேட்னிக்குக் கூப்பிட்டான். போகவில்லை. மிச்சம், இரண்டே முக்கால் மணி.' கடைசிப் பக்கத்தில் வருடத்தின் கூட்டுத்தொகை இருக்கிறது. அதில் இதுவும் சேர்ந்திருக்கிறது. கழித்து எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். எவ்வளவைக் கழிப்பது என்று தெரியாமல் மூடி வைத்துவிட்டேன்.