ஷட்டருக்குப் பின்னால் துரை

சலவைக்கடைக்காரரைப் பயந்த ஆள் என்று அந்தத் தெருவில் யாரும் சொல்ல மாட்டார்கள். பட்டனைக் காணோம் என்று குதிக்கிற ஆளிடம், வரும்போதே அது இல்லை என்று முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் சொல்லி அனுப்புவார். அப்பேர்ப்பட்ட மனிதர் பண்டிகையன்று ஊரே கூடி வெடி வெடிக்கும்போது மட்டும் ஆடிப்போய்விடுவார்.

காரணம் துரை. துரை ஒரு நாய். சாப்பாட்டுத் தட்டு மூக்குக்கு நேரே வராவிட்டால் எழுந்திருக்காது என்பதால் அவர் மனைவி வைத்த பெயர். போன வருடம் எந்தப் புண்ணியவானோ ஜன்னலுக்குக் கீழே சரவெடியைப் பற்றவைக்க, துரை கட்டிலுக்கடியில் புகுந்து நுரை தள்ளிக் கண் செருகிவிட்டது. பிழைத்தது பெரும்பாடு. இன்னொரு தடவை இப்படிப் பயந்தால் இதயம் நின்றுவிடும் என்று நாய் டாக்டரம்மா சொன்னார்.

போதாக்குறைக்கு இந்த வருடம் மனைவியும் ஊரில் இல்லை. மகளின் பிரசவத்துக்குப் போனவள், பேத்தியை விட்டு வர மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டாள். வீட்டில் இவரும் துரையும்தான். சம்பந்தியின் அலட்டல் முதல் தன் முழங்கால் வலி வரை எல்லாவற்றையும் துரையிடம்தான் சொல்லி ஆற்றிக்கொள்வார். இப்போதெல்லாம் அது தலையைக்கூடத் தூக்குவதில்லை. துரைக்கு வயசாகிவிட்டது, கொழுப்பும் ஏறிவிட்டது என்று செல்லமாகத் திட்டுவார்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கடையின் பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. அங்கிருக்கும் சலவை மெஷின் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் பேசுகிற பேச்சே கேட்காது, வெடி எங்கே கேட்கப்போகிறது? வெளிச்சம் இருக்கும்போதே துரையை நடத்திக் கூட்டிவந்து, வயிறு நிறையப் போட்டு, ஷட்டரை இழுத்துவிட்டார். கனத்த போர்வைகளைத் திணித்து மெஷின்களைப் போட்டார். அறையே தடதடவென்று அதிர்ந்தது.

இருந்தும் முதல் வெடிச் சத்தம் உள்ளே வந்துவிட்டது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாய்ந்து துரையைக் கட்டிக்கொண்டார். துரை நடுங்க ஆரம்பித்தது.

"ஒன்னுமில்லடா, நான் இருக்கேன்ல."

இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க நடுக்கம் கூடியது. வாயில் எச்சில் ஒழுகியது, மூச்சு இரைத்தது. போன வருடமும் இப்படித்தான் ஆரம்பித்தது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. அவருக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.

அந்த நேரம் பார்த்தா கரண்ட் போக வேண்டும்?

மெஷின்கள் முனகி அடங்கின. அவ்வளவு நேரம் அமுங்கிக் கிடந்த வெடிகள் எல்லாம் தலைக்கு மேலேயே வெடிப்பதுபோல் கேட்டன. கல்லாப் பக்கம் டார்ச் இருக்கும். துரையை விட்டுவிட்டு இருட்டில் தடவிக்கொண்டு போனார், கூடையில் முட்டிக்கொண்டார். டார்ச் கையில் அகப்பட்ட நேரத்தில் வெளியே யாரோ ஷட்டரை ஒட்டியே ஒன்றைக் கொளுத்திப் போட்டார்கள். தகரம் அலறியது. முடிஞ்சுபோச்சு, துரை போயிடுச்சு என்றே நினைத்தார். டார்ச்சைப் போடுவதற்குக்கூடத் தைரியம் வரவில்லை.

போட்டபோது, துரை ஒருக்களித்துக் கிடந்தது. வயிறு ஏறி இறங்கியது. நிதானமாக, சாவகாசமாக. தூங்கிக்கொண்டிருந்தது!

மறுபடியும் ஒரு வெடி. அவர் குதித்தார். துரையின் காது அசையவில்லை.

"துரை," என்று கூப்பிட்டார். உரக்கக் கூப்பிட்டார். அதற்கும் அசையவில்லை.

கிட்டே போய் முதுகில் கை வைத்தார். அந்தக் கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. துரை கண் விழித்து அவர் முகத்தைப் பார்த்தது. பார்த்ததும் அதற்கும் நடுக்கம் கண்டது. அவர் நெருப்பைத் தொட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார். காது போய் எத்தனை நாளாயிற்றோ! சம்பந்தி கதையெல்லாம் யாரிடம் சொன்னோம் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அழுவதை அது பார்த்துவிடப் போகிறதே என்று டார்ச்சை அணைத்தார். சத்தமில்லாமல் நகர்ந்துபோய்க் கல்லாவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துகொண்டார். வெளியே வெடி ஓயவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவர் உடம்பு தூக்கிப் போட்டது. துண்டை வாயில் திணித்துக்கொண்டார். கூப்பிடு தூரத்தில் துரை மறுபடி குறட்டை விட ஆரம்பித்தது. அதைப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது அவருக்கு. அவ்வளவு பயம்.

போன் அடித்தது. மனைவி.

"துரை எப்படி இருக்கான்? எனக்கு இங்க மனசே சரியில்ல."

"தூங்குறான்."

"பக்கத்துலயே இருங்க. விட்டுடாம கட்டிப் புடிச்சுக்கங்க."

"சரி," என்றார் அவர், இருந்த இடத்தை விட்டு அசையாமல்.