யார் கைக்கு இந்த வளையல்?

துவைக்க எடுத்த காக்கிச் சட்டையின் பையிலிருந்து ஒரு பித்தளை வளையல் விழுந்தது. லூர்துமேரி போட்டுப் பார்த்தாள். அது அவள் விரல் முட்டியைக்கூடத் தாண்டவில்லை. அவள் நெஞ்சில் நெருப்பு விழுந்தது.

கணவன் பாக்கியநாதன் தங்கவயல் சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்தவன். 1953இல் காக்ஸ் டவுனுக்கு வந்து பழைய கார்களைப் பழுது பார்க்கிறான். சீமைக் கருவிகள் கிடைக்காததால், குஜிரிக் கடையில் பொறுக்கிய பழைய சாமான்களில் தானே கருவி செய்துகொள்வான். ஆனால் வளையல் எதற்கு? ஒரு மாதமாக அவன் சரளா டீச்சரின் ஆஸ்டின் காரே கதி என்று கிடக்கிறான். டீச்சருக்கோ குழந்தைக் கை.

தாய்வீட்டுக்கு ரயிலேற டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, முதலில் அவன் கார் பழுதுபார்க்கும் ஷெட்டுக்குப் போனாள். டீச்சரும் அங்கேதான் நின்றிருந்தாள்!

"இது யாரு கைக்குய்யா?"

"ஐயோ மேரி, காலையிலேர்ந்து இதைத்தான் தேடுறேன். குடு!"

வளையலை ரம்பத்தால் ஓரிடத்தில் அறுத்தான். ஆஸ்டினின் பிஸ்டனைச் சுற்றி, அதை சிலிண்டருக்குள் நுழையவிடாமல் விரிந்து துள்ளிக்கொண்டிருந்த ரிங்குகள் மேல் மாட்டி, குறடால் இறுக்கினான். அடங்காத ரிங்குகள் அடங்கின. பிஸ்டன் வளையலிலிருந்து வழுக்கிக்கொண்டு சிலிண்டருக்குள் இறங்கியது.

"பாத்தியா?" என்றான்.

"பிஸ்டனுக்குன்னு வாங்கினியா, நான் வந்ததும் பிஸ்டனுக்குன்னு ஆக்கிட்டியா?"

"அக்கா, சத்தியமா..." என்று ஆரம்பித்த டீச்சரை முறைத்துவிட்டு, லூர்துமேரி பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள்.

"இன்னும் மூணு பிஸ்டன் இருக்கில்ல? மாட்டு. வண்டி ஓடினாதான் வீட்டுக்கு வருவேன்."